முகவரி யாருடையது?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'போஸ்த் ரெஸ்தாந்த்' என்ற சொல்லைக் கற்றேன். நிலையான முகவரி இல்லாதவருக்கு வரும் கடிதம் அஞ்சலகத்திலேயே காத்திருக்கும். குறித்த நாளுக்குள் வாங்காவிட்டால் திரும்பிப் போய்விடும். பிறகு கோவைக்கு வந்து, அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக முப்பது வருஷம் தபால் பதிவேடு எழுதினேன். மின்னஞ்சலிலும் இதே சங்கதி உண்டு என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது.

2010 ஜூனில் நம் கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்தது நினைவிருக்கும். கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அங்கேதான் மதுரைத் திட்டத்தைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. முன்னின்று நடத்திய முனைவர் கல்யாணசுந்தரம் இருந்ததோ சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். பிரெஞ்சு பேசும் ஊர் என்பதால் எனக்குத் தனிப் பிரியம். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். முதல் நூல் திருக்குறள். கட்டடம் கிடையாது, மேசை கிடையாது, மின்னஞ்சல்தான் அலுவலகம். தொடக்கத்தில் பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் அவர்களுக்கு இடம் கொடுத்தது.

அன்றைய கவலை, தமிழ் எழுத்து முழுசாகப் போய்ச் சேருமா என்பது. 1982-ல் எழுதப்பட்ட மின்னஞ்சல் விதிகளில் ஆங்கிலத்துக்குப் போதுமான 128 குறிகளுக்கு மட்டுமே இடம். தமிழ் எழுத்துருக்கள் அதற்கு மேலுள்ள 128 இடங்களில் உட்கார்ந்திருந்தன. வழியில் ஒரு பழைய கணினி அந்த மேல்பகுதியை வெட்டிவிட்டால், குறள் குப்பையாகிவிடும். மைம் (MIME) முறை பரவியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒருங்குறியும் பரவியது. 2010 மாநாட்டின்போது தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

அடுத்த கவலை, முகவரி நிலைக்குமா என்பது. மரத்தடி போன்ற தமிழ்க் குழுக்கள் ஒரு காலத்தில் யாஹூ குழுமங்களில்தான் கூடின. 2020 டிசம்பர் 15-ல் அந்தச் சேவையே மூடப்பட்டது. கடிதங்களை முன்கூட்டியே எடுத்து வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

எங்களுக்கும் இது நேர்ந்தது. காப்புரிமை முடிந்த கொங்கு வட்டாரச் சிறு நூல்களைத் தட்டச்சு செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடும் ஐந்து பேர் நாங்கள். இலவச மின்னஞ்சல் ஒன்றை ஒரு தம்பி தன் பெயரில் தொடங்கினார். பிறகு வேலைக்காக வெளிநாடு போனார். ஒருநாள் கணக்கு திறக்கவில்லை. கேட்டதற்கு, "அய்யா, அந்தக் குறியீடு பழைய போன் நம்பருக்குத்தானுங்க வரும், அந்த சிம் இப்ப இல்லீங்க" என்றார். காப்புரிமை முடியாத ஒரு நூலுக்கு அதன் ஆசிரியரின் மகன் எழுதிய அனுமதிக் கடிதம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குள் அவரும் காலமாகிவிட்டார்.

புதிய சேவையைத் தேடியபோது விலையை நான் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் எங்கள் பெயரிலேயே ஒரு தளப்பெயர் வாங்கினோம். பெயர் நம்முடையதாக இருந்தால், நாளை சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. அலுவலகம் இடம் மாறியதும் அஞ்சலகத்தில் எழுதிக் கொடுப்போமே, அது போல ஒரு பதிவைத் திருத்தினால் போதும்.

சொந்தமாகவே சர்வர் நடத்தலாம் என்றார் ஒரு நண்பர். கடிதம் நம்மிடமிருந்துதான் போகிறது என்பதற்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற முத்திரைகள் வேண்டும். அவை சரியில்லாவிட்டால் ஜிமெயில் போன்றவை கடிதத்தைக் குப்பைக்குத் தள்ளும் அல்லது திருப்பி அனுப்பும். இரவு பகலாக அதைக் கவனிக்க எங்களிடம் ஆளில்லை. ஆகவே மாதச் சந்தா வாங்கும் சேவை ஒன்றை எடுத்தோம். ஐமேப் முறையில் எல்லாக் கடிதங்களையும் நம் கணினிக்கு இறக்கிக்கொள்ள விடுமா என்று கேட்ட பிறகே பணம் கட்டினோம்.

கருவூலத்தில் இரட்டைப் பூட்டு உண்டு. சாவி இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் இல்லாவிட்டால் திறக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது. நாங்கள் அதைத் திருப்பிப் போட்டோம்: ஒருவர் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும் என்பதற்காக நிர்வாக உரிமையை இரண்டு பேரிடம் கொடுத்தோம்.

போன மாதம், அந்த நூலாசிரியரின் பேத்திக்குப் புதிய முகவரியிலிருந்து எழுதினோம். நான்காம் நாள் சம்மதம் என்று பதில் வந்தது. இந்த முறை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் நன்றி எழுதினேன்.