இழுப்பறைக்குள் 57 ஆண்டுகள்

1971இல் இங்கிலாந்தில் வெளியான 'மாரிஸ்' நாவல் எழுதி முடிக்கப்பட்டது 1914இல். முதல் உலகப் போர் தொடங்கவிருந்த நேரம் அது. அதை எழுதிய இ. எம். ஃபார்ஸ்டருக்கு அப்போது 35 வயது. 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவல் அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்திருந்தது. ஆனாலும் இந்த நாவலை அவர் உயிரோடிருந்தவரை அச்சுக்குக் கொடுக்கவே இல்லை.

காரணம், அது இரண்டு ஆண்களின் காதல் கதை. 1885இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம், ஆண்களுக்கிடையிலான நெருக்கத்தை மூடிய கதவுக்குப் பின்னாலும் குற்றமாக்கியது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு அது நல்ல ஆயுதமானது. 1895இல் ஆஸ்கர் வைல்டுக்கு அதே சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டு கடுங்காவல். நாடே கொண்டாடிய நாடகாசிரியரின் பெயர் சுவரொட்டிகளிலிருந்து அழிக்கப்பட்டபோது ஃபார்ஸ்டருக்கு 16 வயது. அந்த வயதில் கண்ட பயம் எளிதில் விட்டுப் போகுமா?

பயமில்லாத ஒரு வீட்டையும் அவர் பார்த்தார். ஷெஃபீல்டுக்கு அருகே மில்தார்ப் என்ற சிற்றூரில், எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டர் தொழிலாளி வர்க்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மெரிலுடன் ஒளிவுமறைவின்றிக் குடும்பம் நடத்திவந்தார். 1913இல் அங்கே போய்வந்த ஃபார்ஸ்டரிடமிருந்து நாவல் மடமடவென்று பிறந்தது.

கதையின் முடிவில் காதலர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். இதில் மட்டும் ஃபார்ஸ்டர் விட்டுக்கொடுக்கவே இல்லை. நாயகன் தூக்கில் தொங்கியிருந்தாலோ தற்கொலை செய்துகொண்டிருந்தாலோ வெளியிடுவதில் இவ்வளவு சிக்கல் இருந்திருக்காது என்று 1960இல் எழுதிய பின்குறிப்பில் அவரே சொல்கிறார். துயரத்தைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டால் சமூகம் மன்னிக்கும், மகிழ்ச்சியை மன்னிக்காது. அந்தத் துணிச்சலுக்காகவே இந்த நாவல் இன்னும் நமக்கு முக்கியமானது.

அச்சில் வராவிட்டாலும் வாசகர்கள் இருந்தார்கள். தட்டச்சுப் பிரதி நம்பிக்கையான நண்பர்களிடையே கைமாறியது. எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி படித்துவிட்டு அந்தக் காதல் நீடிக்காது என்றார். பின்னாளில் எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட்டும் படித்தார். ஃபார்ஸ்டரோ பல ஆண்டுகள் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

துயர முடிவும் எப்போதும் காப்பாற்றிவிடவில்லை. 1928இல் ராட்க்ளிஃப் ஹால் எழுதிய 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' இரு பெண்களின் காதலைப் பிரிவில் முடித்த நாவல். பெண்களின் உறவை 1885 சட்டம் தொடவே இல்லை. ஆனால் புத்தகத்தின்மேல் ஆபாச வழக்கு பாய்ந்தது. சாட்சி சொல்ல ஃபார்ஸ்டரும் வர்ஜீனியா வுல்ஃபும் முன்வந்தார்கள். எழுத்தாளர்களின் சாட்சியம் தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டு, பிரதிகளை அழிக்கச் சொன்னார் நீதிபதி. தன் நாவலுக்கு என்ன நேரும் என்பதை ஃபார்ஸ்டர் அங்கே கண்ணால் பார்த்துவிட்டார்.

தன் எழுத்தில் சிலவற்றை அவரே எரிக்கவும் செய்தார். ஒருபாலீர்ப்பைப் பற்றி எழுதியிருந்த சிறுகதைகள் சிலவற்றை 1922இல் தீயிலிட்டார். இரண்டு ஆண்டு கழித்து 'எ பாஸேஜ் டு இந்தியா' வந்தது. அதற்குப் பிறகு 46 ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் வேறு நாவல் எதுவும் வெளியிடவில்லை. ஆணும் பெண்ணும் காதலிப்பதை மட்டுமே எழுத அனுமதி இருப்பது சலிப்பூட்டுகிறது என்று 1911லேயே நாட்குறிப்பில் எழுதியவர் அவர். ஒரு பெரிய எழுத்தாளரின் மௌனத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். இந்தச் சலிப்பை அவற்றில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை.

1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது கடந்த ஆண்களின் தனிப்பட்ட உறவு குற்றமில்லை என்றானது. ஃபார்ஸ்டருக்கு 88 வயது. அப்போதும் நாவல் வெளிவரவில்லை. அதே பிரிட்டிஷ் ஆட்சி 1860இல் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோரின் சம்மத உறவை விட்டு விலக 2018 வரை ஆனது.

1970இல் ஃபார்ஸ்டர் மறைந்தார். மறு ஆண்டு புத்தகம் வந்தது. அமெரிக்கப் பதிப்பின் வருமானத்தை அவர் இஷர்வுட்டுக்கு விட்டுச் சென்றிருந்தார். பிரிட்டனின் இளம் எழுத்தாளர்கள் அமெரிக்காவில் தங்கிவர உதவும் பரிசு ஒன்றை இஷர்வுட் அந்தப் பணத்தில் ஏற்படுத்தினார். அந்தப் பரிசு ஃபார்ஸ்டரின் பெயரில்தான் இருக்கிறது.