பெண்கள் பாலம்: படகுக்காரர்கள் சொன்ன கதை

லண்டன் தேம்ஸ் நதியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்கள் வாட்டர்லூ பாலம் வந்ததும் ஒரு கதை சொல்வார்கள்: இது ‘பெண்கள் பாலம்’, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பெண்கள் கட்டியது. வெகுகாலம் இது வெறும் படகுக்காரர் கதையாகத்தான் இருந்தது. எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை.

1817-ல் திறந்த பழைய கற்பாலத்தின் தூண்கள் உள்வாங்கிவிட்டதால் 1930களில் அதை இடித்தார்கள். புதியதை வடிவமைத்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். அந்த ஊர் சிவப்பு டெலிபோன் பெட்டியும் இவர் கைவேலைதான். வேலை பாதியில் இருக்கும்போதே 1939-ல் போர் வந்தது, ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். கல் வேலை, வெல்டிங் என்று அதுவரை பெண்களை அண்டவிடாத தொழில்களில் வேறு வழியில்லாமல் அவர்களைச் சேர்த்தார்கள். 1944 வாக்கில் பிரிட்டன் முழுக்கக் கட்டுமான வேலையில் சுமார் 25,000 பெண்கள் இருந்தார்கள். ஆனால் இது போர்க்கால ஏற்பாடு மட்டுமே. சம்பளமும் ஆண்களைவிடக் குறைவு. ஆண்கள் திரும்பி வந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

1945 டிசம்பரில் திறப்புவிழா. பேசியவர் துணைப் பிரதமர் ஹெர்பர்ட் மாரிசன். பாலத்தைக் கட்டிய ஆண்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் பெயர் மறந்துபோனாலும் வேலை நிற்கும் என்கிற பொருளில் பேசினார். பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கால இங்கிலீஷில் ‘மென்’ என்றால் எல்லோரும்தானே என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது ஒட்டவில்லை. ஏனென்றால் இந்தப் பாலம் மாரிசனின் சொந்தத் திட்டம் மாதிரி. 1934-ல் லண்டன் கவுன்சில் தலைவராக இருந்தபோது பழைய பாலத்தின் முதல் கல்லைப் பெயர்த்ததே அவர்தான். சைட்டில் யார் வேலை பார்த்தார்கள் என்று அவருக்குமா தெரியாது?

கட்டிய கம்பெனியின் பதிவேடுகளும் மிஞ்சவில்லை. எங்கள் வேலையில் சர்வர் லாக் அழிந்துபோனால் என்ன நடந்தது என்று நிரூபிக்க முடியாமல் தவிப்போமே, அதே கதைதான். வேலை பார்த்தவர்களின் ஞாபகம் மட்டும்தான் மிச்சம். 2006-ல் கிறிஸ்டீன் வால் என்ற வரலாற்று ஆய்வாளரும் கேரன் லிவ்சி என்ற படைப்பாளியும் அந்த ஞாபகங்களைத் தேடி ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். அப்போதும் ‘ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வி போகவில்லை.

2015-ல் பிராட்ஃபோர்டு மியூசியத்தில், ஒரு பழைய செய்தித்தாளின் போட்டோத் தொகுப்பில் கிடைத்தது. 1944-ல் எடுத்த படங்கள். வாட்டர்லூ பாலத்தில் பெண்கள் வெல்டிங் செய்கிறார்கள். எழுபது வருஷமாக யாரும் தேடாமல் அங்கேயே இருந்திருக்கின்றன!

இதை வெறும் மரியாதைப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. 1950களில் ஒரு பெண் வெல்டர் வேலை கேட்டுப் போனால் ‘பொம்பளைங்களுக்கு இது சரிப்படாது’ என்று சுலபமாகச் சொல்ல முடிந்தது. ஊர் நடுவில் நிற்கும் பாலத்தைக் காட்டி அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வேலையில் பாலின பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் வரவே 1975 ஆகிவிட்டது. இன்றும் அங்கே கொத்து வேலையிலும் வெல்டிங்கிலும் பெண்கள் மிகக் குறைவு.

படங்கள் கிடைத்த அதே வருஷம், பாரம்பரியச் சின்னங்களைப் பட்டியலிடும் அரசு அமைப்பு இந்தப் பாலத்தின் பதிவைத் திருத்தி, பெண் தொழிலாளர்களின் பங்கையும் அதில் சேர்த்தது. அவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.