கற்றாழை: குதிரை லாயத்திலிருந்து மாட்டுக் கொட்டகை வரை

பருத்திப்பட்டு, ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீட்டு வாசல்களில் சோற்றுக்கற்றாழை திருஷ்டிக்காகத் தலைகீழாகத் தொங்கும். முகத்துக்கு, முடிக்கு, உடம்புச் சூட்டுக்கு என்று மனிதர்கள் பயன்படுத்துவதால் வளர்ப்பு நாய், பூனைக்கும் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கற்றாழையின் வரலாறு சொல்வது வேறு!

மடலை வெட்டியதும் கசியும் மஞ்சள் பால் வேறு, உள்ளே இருக்கும் சோறு வேறு. மஞ்சள் பாலில் உள்ள அலோயின் கடுமையாகப் பேதியாக்கும். அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோலம், அதாவது மூசாம்பரம்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயக் குதிரை வைத்தியர்களின் முக்கியமான பேதி மருந்து இதுதான். உருண்டையாக உருட்டி, குதிரையின் தொண்டைக்குள் தள்ளுவார்கள். அளவு கூடினால் பேதி நிற்காமல் குதிரையே செத்துப் போகும். பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் இது வழக்கொழிந்தது. மனிதர்களுக்கும் அப்படித்தான். பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லாததால், மருந்துச் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்க்க 2002ல் அமெரிக்கா தடை விதித்தது.

சென்னை வேப்பேரியில் 1903ல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1989ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. அதன் தஞ்சாவூர் மையம் நாட்டு வைத்திய முறைகளை ஆராய்ந்தது. அவற்றில் புகழ்பெற்றது பசுவின் மடிநோய்க்கான கலவை. 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிவிட்டுப் பூச வேண்டும். தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்பியது. ஆன்டிபயாடிக் ஊசியைக் குறைத்தால் பாலில் மருந்து கலப்பதும் குறையும் என்பதே நோக்கம்.

இந்த வைத்தியம் பசுவுக்கு, அதுவும் மடிக்கு மேலே பூசுவதற்கு மட்டுமே! நாயும் பூனையும் உடம்பில் பூசியதை நக்கிவிடும். கற்றாழைப் பால் உள்ளே போனால் வாந்தி, பேதி, சோர்வு வரும். சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும்.

எனவே கற்றாழைத் தொட்டியை நாய்க்குட்டிக்கு எட்டாமல் வையுங்கள். காயத்துக்கு எதைப் பூசுவதானாலும் முதலில் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மடலைக் கடித்துவிட்டால், "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

எந்தப் பாகம், எந்தப் பிராணி, எவ்வளவு, உள்ளுக்கா வெளியிலா? நல்ல வைத்தியர்கள் எப்போதும் கேட்ட கேள்விகள் இவைதான். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்பது மரபு அல்ல.