சிட்னி அறை, மெல்பேர்ன் அறை

வாரம் 300 டாலர் வாடகை என்றதும் மாதம் 1200 என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள் ஆஸ்திரேலியாவில் முதுகலை படிக்கப் போகும் நம் பிள்ளைகள். ஆண்டுக்கு 52 வாரம். மாதக் கணக்கில் அது 1300. சிட்னி, மெல்பேர்ன் இரண்டிலும் வாரக்கணக்குதான். சிட்னியில் வாடகை கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரைத் தேர்ந்தெடுக்க அது மட்டும் போதாது.

தூரத்தைப் பாருங்கள். சிட்னியில் தமிழ்க் குரல் கேட்கும் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, மேஸ் ஹில் முருகன் கோயில் எல்லாம் மேற்கே இருக்கின்றன. சிட்னி பல்கலைக்கழகமும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும் கிழக்கே, நகர மையத்தை ஒட்டி. நம் மனிதர்கள் அருகில் வேண்டுமென்றால் தினமும் நீண்ட ரயில் பயணம்தான். மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்துக்கு வருபவருக்கு இந்த இழுபறி இல்லை. மளிகைக்குக் கிளேட்டன் கடைத்தெரு பக்கத்திலேயே. ஹண்டிங்டேல் ரயில் நிலையத்திலிருந்து 601 பேருந்து வளாகத்துக்கே போகும். 2025 இறுதியில் திறந்த மெட்ரோ சுரங்கப்பாதை, மெல்பேர்ன் பல்கலைக்கழகம் இருக்கும் பார்க்வில்லையும் கிளேட்டனோடு நேராக இணைத்துவிட்டது.

என்னை உறுத்துவது அடுத்த விஷயம். வீட்டு ஏஜெண்ட் கேட்கும் சம்பளச் சீட்டும் பழைய வாடகை வரலாறும் புதிதாக வந்தவரிடம் இருக்காது. ஆகவே, ஏற்கெனவே வீடு எடுத்திருக்கும் ஒருவரிடம் ஓர் அறையை வாங்கிக்கொள்கிறார். பெரும்பாலும் அவரும் நம்மவர்தான். "எழுதிக் கொடுங்கள் என்று அண்ணனிடம் எப்படிக் கேட்பது?" என்ற கூச்சம் வந்துவிடுகிறது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அந்தக் கூச்சத்துக்கு விலை அதிகம். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், வீட்டை எடுத்தவரோடு தங்கியிருப்பவரை 2010ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொதுவாக வாடகைதாரராகவே ஏற்பதில்லை. பாண்ட் (பிணைத்தொகை) என்று கொடுத்த பணத்தை அரசிடம் கட்டும்படி அந்த அண்ணனை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. நாளைக்கே காலி செய் என்றால், எதிர்த்து நிற்க அந்தச் சட்டத்தில் பிடிமானம் கிடைப்பதில்லை.

மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியாவில் வாய்ப்பேச்சில் எடுத்த உள்வாடகையும் செல்லும். அறை முழுக்க உங்கள் வசம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பாண்டைப் பத்து வேலைநாளுக்குள் மாநில பாண்ட் ஆணையத்தில் கட்டியாக வேண்டும். பணம் கைமாறும் விஷயம் என்பதால் அங்கும் எழுதி வாங்குவதுதான் நல்லது.

பாண்டின் உச்ச அளவு நியூ சவுத் வேல்ஸில் நான்கு வார வாடகை. விக்டோரியாவில், வாரம் 900 டாலர் வரையிலான வாடகைக்கு, ஒரு மாதம். சென்னையில் கேட்கும் அட்வான்ஸைப் பார்க்கையில் சிறிய தொகைதான். ஆனால் ஊரில் அப்பா கடன் வாங்கி அனுப்பிய பணம் அது.

போவதற்கு முன்பே இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிட்னியில் ரெட்ஃபெர்ன் சட்ட மையம், வெளிநாட்டு மாணவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. மெல்பேர்னில் டெனன்ட்ஸ் விக்டோரியா. அண்ணன் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும் இவர்களிடம் கேட்கலாம்.