கழுத்து முறிவும் புடைப்பு முறிவும்

வெள்ளவத்தை மாடிவீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவையும், கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டில் படி இறங்கும்போது கால் தவறிய ஐயாவையும் களுபோவிலைக்கோ தேசிய வைத்தியசாலைக்கோ கொண்டு வரும்போது வீட்டார் சொல்வது ஒன்றுதான்: “இடுப்பு முறிஞ்சு போச்சு.” எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முறிந்திருப்பது தொடையெலும்பின் மேல்முனை. அதிலும் முறிவு இரண்டு வகை. எலும்பின் உச்சியிலுள்ள பந்துக்குக் கீழே, கழுத்தில் முறிவது ஒன்று. அதற்கு ஓரிரு அங்குலம் கீழே, பெரிய புடைப்புக்கும் சிறிய புடைப்புக்கும் இடையே முறிவது மற்றது. முதலாவதில் வைத்தியரின் கவலை இரத்தோட்டம், இரண்டாவதில் சுமை.

கழுத்து மூட்டு உறைக்குள் இருக்கிறது. பந்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. முறிந்த துண்டு விலகினால் அவையும் அறுந்துவிடலாம். பிறகு திருகாணி போட்டுப் பொருத்தினாலும் பந்து உயிரிழந்து நொறுங்கக்கூடும். உறைக்குள் எலும்பைச் சுற்றி வெளிப்பக்கமாகப் புது எலும்பு வளர்வதும் அரிது. புக்கை கட்டினால் பொருந்திவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. 1961இல் கார்டன் என்ற வைத்தியர் இம்முறிவை விலகலின் அளவை வைத்து நான்கு படிகளாகப் பிரித்தார். முதற்படியில் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகியிருக்கும். சிலர் நொண்டியபடி நடந்தே வருவார்கள். “நடக்கிறாதானே, முறிஞ்சிருக்காது” என்று வீட்டில் வைத்திருப்பதுதான் ஆபத்து, அந்த இறுக்கம் எப்போது வேண்டுமானாலும் கழரலாம். அதற்கும் முன்னரே, 1935இல், பவெல்ஸ் முறிவுக் கோட்டின் சாய்வைப் பார்க்கச் சொன்னார். கோடு படுக்கையாக இருந்தால் உடல் எடை துண்டுகளைச் சேர்த்து அழுத்தும். செங்குத்தாக இருந்தால் அதே எடை அவற்றை வழுக்கவைத்துப் பிரிக்கும்.

புடைப்புகளுக்கிடையே இருப்பது இரத்தம் நிறைந்த பஞ்செலும்பு. இம்முறிவு பெரும்பாலும் பொருந்திவிடும். எந்த வடிவில் பொருந்தும் என்பதே கேள்வி. தொடை வீங்கிக் கறுக்கும், உள்ளேயே ஒரு லீட்டருக்கு மேல் இரத்தம் கசியலாம், கால் குறுகிப் பாதம் வெளிப்பக்கம் சரிந்து கிடக்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டில் விழும் சுமை உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 கிலோவுக்குக் குறையாது. அதைத் தாங்குவது எலும்பின் உட்பக்க, பின்பக்கச் சுவர். அது முழுதாக இருந்தால் முறிவு நிலையானது. சிறிய புடைப்போடு சேர்ந்து பெயர்ந்துவிட்டால் பந்து உள்நோக்கிச் சரியும். 1949இல் எவன்ஸ் வகுத்த பிரிவின் உயிர்நாடி இதுதான்.

நிலையான முறிவுக்குத் தகடும் வழுக்குத் திருகாணியும் போதும். நடக்க நடக்கத் திருகாணி தன் குழலுக்குள் பின்வாங்க, துண்டுகள் ஒன்றோடொன்று இறுகும். கோடு தலைகீழாகச் சாய்ந்து வெளிச்சுவரை அறுத்திருந்தாலோ அதே வழுக்கல் கெடுதலாகிறது. அப்போது மச்சைக் குழிக்குள் இறங்கும் ஆணிதான் வேண்டும். சுமைக்கு நெருங்கி நிற்பதால் அது குறைவாகவே வளைக்கப்படும். எதைப் போட்டாலும் திருகாணியின் நுனி பந்தின் நடுவே, ஆழத்தில் நிற்கவேண்டும். 1995இல் பௌம்கார்ட்னர் குழு காட்டிய அளவு, இரண்டு கோண எக்ஸ்ரேயிலும் நுனியிலிருந்து பந்தின் உச்சிவரை உள்ள தூரங்களைக் கூட்டினால் 25 மில்லிமீற்றருக்குள். விலை கூடிய ஆணியே எப்போதும் நல்லது என்று தனியார் வைத்தியசாலையில் வற்புறுத்தும் பிள்ளைகள் ஒன்றை அறியவேண்டும்: நிலையான முறிவில் தகடும் அதே பலனைத் தரும்.

கழுத்து விலகிய முதியவருக்குப் பொருத்திப் பார்ப்பதைவிடச் செயற்கைப் பந்து வைப்பதே மேல் என்பது என் துணிபு. இரத்தோட்டம் திரும்புமா என்று காத்திருக்காமல் விரைவிலேயே ஊன்றி நடக்கலாம். இளையவருக்குச் சொந்தப் பந்தைக் காப்பாற்றத்தான் முயலவேண்டும்.

இரண்டு முறிவுக்கும் பொதுவான எதிரி படுக்கை. நிமோனியா, இரத்தக்கட்டி, படுக்கைப் புண் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. ஆகவே வைத்தியரிடம் கேளுங்கள்: முறிவு கழுத்திலா, கீழேயா? விலகியதா, நிலையானதா? கேட்டபின், கனடாவிலிருந்து மகன் வரட்டும் என்று கையொப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உடல்நிலை இடங்கொடுத்தால் 48 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடக்கட்டும். எழுந்து நடக்கும்போது ஊன்றுகோலை முறிவுக்கு எதிர்க் கையில் கொடுங்கள். மூட்டின் சுமை குறைவது அப்போதுதான்.