கற்பனை ஊருக்குக் கடைக்கால்

மாயமும் மந்திரமும் நிறைந்த கதையொன்றை எழுத முனையும் எவரும் முதலில் ஓர் ஊரைக் கட்டியாக வேண்டும். நாயகன் புறப்படவும், காயமுற்றுத் திரும்பவும், வாள் வாங்கவும், வதந்தி கேட்கவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? சுற்றிலும் மதில், நடுவே சந்தை, ஒரு மூலையில் கொல்லன் பட்டறை, சாலையோரம் ஒரு சத்திரம். கண்ணை மூடினால் தானாகவே எழுந்து நிற்கும் இச்சித்திரத்தில் ஒரு பகுதி நாவல்கள் தந்தது. மற்றொரு பகுதி கணினி விளையாட்டுகள் தந்தது. 'வீடியோ கேம்' என்றாலே இலக்கியத்துக்குத் தொலைவான பண்டம் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயினும், ஊர் கட்டும் கலையில் அவ்விளையாட்டுகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவந்த சோதனைகள் எழுதுவோர்க்கும் பயன்படத்தக்கவை. அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பட்டியலாய் இருந்த ஊர்

இவ்வரலாறு கணினிக்கு முன்பே காகிதத்தில் தொடங்கிவிடுகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1979-ல், அவ்விளையாட்டுக்கெனக் கைகாக்ஸ் ஹோம்லெட் என்றொரு சிற்றூரைத் தனி நூலாகவே எழுதினார். வீடு வீடாக எண்ணிட்டு, அங்கு வாழ்வோர் யாவர், அவர்தம் தொழில் என்ன, வழிபடும் நெறி எது, சேமித்த பொருளை எங்கே மறைத்து வைத்துள்ளனர் என்பது வரை குறித்திருந்தார். பழைய நெறியினரும் புதிய நெறியினரும் அருகருகே வாழும் அவ்வூரில், பூதம் ஏதும் வந்து சேரும் முன்னரே ஒரு கதை இருந்தது.

கணினிக்கு வந்தபோது அவ்வளவும் சுருங்கிப்போயிற்று. ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்னும் இருவர் ஆப்பிள்-2 கணினிக்காக 1981-ல் வெளியிட்ட 'விசார்ட்ரி'யில் ஊர் என்பது ஒரு பட்டியல் மட்டுமே. மதுக்கூடம், விடுதி, ஆலயம், கடை, ஊர் எல்லை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்! நிலத்தடிச் சுரங்கத்துக்குக் கோடுகளால் ஆன சித்திரம் உண்டு. ஊருக்கோ எழுத்துகளே உண்டு. அக்காலக் கணினியின் நினைவகம் மிகச் சிறிது. எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்வி எழுந்தபோது, நாயகனுக்குப் பயன்படுவது நின்றது; பயன்படாதது நீங்கிற்று. கொல்லன் நின்றான், வண்ணானும் குயவனும் உழவனும் மறைந்தனர். நாம் இன்றும் கற்பனை ஊர் என்றவுடன் சத்திரத்தையும் பட்டறையையும் மட்டும் காண்பதற்கு இவ்விடப் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

அதே 1981-ல் ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா' வரிசை தொடங்கிற்று. அதன் நான்காம் பாகம் (1985) ஊருக்கு ஒரு பொருளைத் தந்தது. வாய்மை, பரிவு, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களுக்கும் ஆளுக்கொன்றாக எட்டு ஊர்கள். அவற்றுள் பணிவுக்குரிய மஜின்சியா பாழடைந்து கிடக்கிறது. அவ்வூரார் கொண்ட செருக்கே அவர்களை அழித்ததாம். ஓர் ஊரின் இடிபாடே அறவுரையாக நின்ற புதுமை அது.

'விசார்ட்ரி', 'அல்டிமா' இரண்டிலும் மனம் பறிகொடுத்தவர் ஜப்பானியரான யூஜி ஹோரி. அவ்விரண்டின் இயல்புகளையும் எளிமையாக்கி இணைத்து 1986-ல் 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டை அவர் படைத்தார். முழு விளையாட்டும் அடங்கிய இடம் வெறும் 64 கிலோபைட்! இக்காலத்தில் ஒரு சிறு நிழற்படத்துக்கே அது போதாது. அக்குறுகிய இடத்துள்ளும் ஓர் அழிந்த ஊரை அவர் வைத்தார். ஊருக்குள் நுழைந்தால் அபாயமில்லை என்று பழகிப்போன ஆட்டக்காரர், அங்கே நுழைந்ததும் கொடும் விலங்குகளால் தாக்கப்படுகிறார். கதைசொல்லியின் விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை; ஊரின் இலக்கணத்தை மீறியதே துயரைச் சொல்லிவிட்டது.

கடிகாரம் வந்த பின்

ஊரில் மாந்தர் இருந்தனர். ஆயினும் அவர்களுக்குப் பொழுது இல்லை. நள்ளிரவிலும் கடைக்காரர் கடையிலேயே நிற்பார். இந்நிலையை மாற்றிய முன்னோடிகளுள் ஒன்று 1988-ல் வந்த ஐந்தாம் 'அல்டிமா'. அதில் ஊரார் காலையில் எழுந்தனர், தொழிலுக்குச் சென்றனர், உணவருந்தினர், இரவில் உறங்கினர். அகாலத்தில் வாள் வாங்க வந்த நாயகன் பூட்டிய கடையின் முன் காத்துக்கிடக்க நேர்ந்தது. சிறு தொல்லைதான், ஆனால் 'இவ்வூர் உனக்காக மட்டும் இயங்கவில்லை' என்ற செய்தியை அது அழுத்தமாகச் சொல்லிற்று.

அச்செய்தியின் முழு வடிவம் 2000-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'மஜோராஸ் மாஸ்க்'. 1998-ல் வந்த முந்தைய செல்டா விளையாட்டின் உருவங்களையே பெருமளவு மீண்டும் எடுத்தாண்டு, குறுகிய காலத்தில் இதனை உருவாக்கினர். பரப்பைப் பெருக்க வழியில்லாதபோது அவர்கள் ஆழத்தைப் பெருக்கினர். கடிகார நகரம் என்னும் ஒரே ஊர், மூன்றே நாட்கள், மூன்றாம் இரவின் முடிவில் நிலவு வந்து வீழ்ந்து அனைத்தும் அழியும். நாயகன் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, அதே மூன்று நாட்களை மீண்டும் மீண்டும் வாழ்கிறான்.

நிலவு தலைக்குமேல் பெருத்துவரும்போது அவ்வூரார் என்ன செய்கின்றனர்? தச்சர் தலைவர் திருவிழாக் கோபுரத்தைக் கட்டி முடிப்பதிலேயே குறியாக இருக்கிறார். காவல் தலைவர் ஊரை விட்டு அனைவரும் வெளியேற வேண்டும் என்கிறார். மேயரின் அறையில் இருவரும் வாதிட, மேயர் முடிவெடுக்க இயலாமல் தவிக்கிறார். கடிதங்கொண்டு செல்பவர் ஓடிப்போகத் துடித்தும், தம் கால அட்டவணையில் அது இல்லாமையால் ஓட முடியாமல் நடுங்குகிறார். இறுதி இரவில் தச்சர்கள் யாவரும் ஓடிவிட, தலைவர் மட்டும் தனியே நின்று நிலவை நோக்கிச் சவால் விடுகிறார். மாயக்கதை என்று பெயரே தவிர, பேரிடர் கண்ட எந்த ஊர் மன்றத்திலும் நடக்கக்கூடிய உரையாடல் அல்லவா இது!

இழந்த ஊர்

1997-ன் தொடக்கத்தில் பரவலாக விற்பனைக்கு வந்த 'டயாப்லோ'வில் டிரிஸ்ட்ரம் என்றொரு சிற்றூர். கொல்லன் கிரிஸ்வோல்ட், மதுவில் மூழ்கிய ஃபார்னம், ஒரு காலை இழந்து மரக்காலோடு நிற்கும் சிறுவன் விர்ட் எனச் சிலரே அங்குண்டு. விர்ட், தன் சரக்கைக் காட்டவே 50 பொற்காசு கேட்பான். ஆட்டக்காரர்கள் அவனைத் திட்டிக்கொண்டே பழகினர். மேட் யூல்மனின் கிதார் இசை அவ்வூரின் மாலைப்பொழுதாகவே பலர் நினைவில் தங்கிவிட்டது.

2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆட்டக்காரர் மீண்டும் டிரிஸ்ட்ரம் செல்கிறார். வீடுகள் எரிகின்றன. முதியவர் டெக்கர்ட் கெய்ன் கூண்டில் தொங்குகிறார். கிரிஸ்வோல்ட் பேயுருக் கொண்டு எதிர்த்து வருகிறான். விர்டின் சடலத்தருகே அவன் சேர்த்த பொன் சிதறுகிறது, மரக்கால் கிடக்கிறது. முதல் பாகத்தில் அவனிடம் பேரம் பேசியவர்க்கு அப்பொன் கைக்கு எட்டும்போது மனம் கனக்கும். பேரரசுகள் வீழ்வதைப் பக்கம் பக்கமாக எழுதினும் இக்கனம் வாய்ப்பது அரிது.

எவருடைய பழமை?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இவ்விளையாட்டுகள் காட்டும் 'இடைக்கால ஐரோப்பிய நகரம்' பெரும்பாலும் பிற்காலத்தார் செப்பனிட்ட சித்திரம். பிரான்சின் கர்கசோன் கோட்டையை வியோலே-லெ-டுக் என்னும் கட்டடக் கலைஞர் 1853-ல் தொடங்கிப் புதுப்பித்தார். அவர் கோபுரங்களுக்கு ஏற்றிய கூர்ங்கூம்புக் கூரைகள் தென்பிரான்சு மரபுக்கு உரியவை அல்ல என்ற கண்டனம் எழுந்தது. சுற்றுலா அட்டைகளில் நாம் காணும் ஜெர்மனியின் ரோத்தன்பர்க் நகரமோ 1945 மார்ச்சில் குண்டுவீச்சுக்கு இலக்காகி, கணிசமான பகுதி மீளக் கட்டப்பட்டது. நகலின் நகலையே மூலம் என்று நம்பி நாம் ஊர் கட்டுகிறோம்!

இக்குறையை உணர்ந்த படைப்புகளும் வரலாயின. முழுமை பெறும் முன்னரே 2024-ல் விற்பனைக்கு விடப்பட்ட 'மேனர் லார்ட்ஸ்' இடைக்கால மனைகளின் வடிவை அப்படியே எடுத்துக்கொண்டது. தெருவைத் தொட்ட குறுகிய முகப்பு, பின்னால் நீண்ட கொல்லை, அதில் காய்கறிப் பாத்தியோ கோழிக்கூடோ ஆட்டுப்பட்டியோ. விறகும் தானியமும் போதாவிடில் குளிர்காலத்தில் ஊர் தவிக்கும். நினைவகப் பற்றாக்குறையால் 1981-ல் மறைந்துபோன உழவர் இங்கே திரும்பி வந்துவிட்டனர். புனேயைச் சேர்ந்த குழுவினர் 2020-ல் வெளியிட்ட 'ராஜி' இராசத்தானக் கோட்டைகளிலிருந்து தன் களத்தை வடித்துக்கொண்டது. ஐரோப்பிய மதில் ஒன்றே வழியல்ல என்பதற்கு அது சான்று.

கற்பனை ஊர் கட்ட விழைவோர் வரைபடம் தீட்டும் முன் சில வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்வது நலம். இவ்வூருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? நாளங்காடி மூடி அல்லங்காடி திறக்கும்போது தெருவில் நடமாடுவோர் யாவர்? ஆபத்து வந்தால் ஓட விரும்பியும் ஓட இயலாதவர் எவர்? இவ்வூர் எரிந்தால் வாசகர் எவரைத் தேடிச் செல்வார்? எல்லாவற்றுக்கும் மேலாக, நாயகன் வாராத நாளில் கொல்லன் எவருக்காக உலையை மூட்டுகிறான்? பெரும்பாலும் அண்டை வீட்டு உழவனின் கொழுவுக்காகத்தான் இருக்கும். அந்த உழவனுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு எழுதத் தொடங்கலாம்.