பால் உறையும் நேரமும் பாட்டாளியின் கூலியும்

இடைநிலைப் பள்ளியில் வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, வினைவேகம். மற்றொன்று, வெப்ப வேதியியல். அதாவது ஒரு வினையின்போது ஆற்றல் எப்படி வெளியாகிறது, எப்படி உள்வாங்கப்படுகிறது என்பது. பலருக்கு இவை மனனம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, மறந்துபோகும் பாடங்கள்.

ஆனால், நெகிரி செம்பிலானின் லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு இந்த இரண்டு பாடங்களும் பல தலைமுறைகளாக அன்றாட வாழ்க்கையாகவே இருந்தன. காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்போது பாலை எடுக்க வேண்டும், நாள் முடிவில் எவ்வளவு கூலி கணக்கில் ஏறும் என்பதையெல்லாம் ஒரு வினையின் வேகம் தீர்மானித்தது. ரப்பர் பால் உறையும் வேகம்தான் அது.

உறை ஊற்றாமலே உறையும் பால்

வீட்டில் தயிர் எப்படித் தோய்கிறது? காய்ச்சி ஆறிய பாலில் உறை ஊற்றுகிறோம். அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடக் கூடப் பாலிலுள்ள புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டிப்படுகிறது.

ரப்பர் பாலிலும் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. மரத்திலிருந்து வடியும் பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துகள்கள் அந்தத் தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்புப் பொருளும் ஒரு மெல்லிய போர்வையைப் போலச் சூழ்ந்திருக்கின்றன. அந்தப் போர்வைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அதனால்தான் துகள்கள் ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன. பாலும் பாலாகவே இருக்கிறது.

மரப்பட்டையிலிருந்தும் மங்கிலிருந்தும் காற்றிலிருந்தும் நுண்ணுயிர்கள் பாலில் புகுந்தவுடன் அமிலம் உண்டாகத் தொடங்குகிறது. அமிலம் அந்த மின்னூட்டத்தை அழிக்கிறது. விலகி நின்ற துகள்கள் மோதி ஒட்டிக்கொள்கின்றன, பால் கட்டியாகிறது. மோரைக் கடைந்தாலும் தயிர் மறுபடி பாலாகாதது போல, கட்டியான ரப்பரும் திரும்பப் பாலாவதில்லை.

இந்த வினைக்கு வெப்பம் துணை. வெப்பநிலை பத்து பாகை செல்சியஸ் உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு பொது விதி. வெப்பநிலைக்கும் வினைவேகத்துக்கும் உள்ள உறவைச் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1889-இல் சமன்பாடாக எழுதினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் டச்சு அறிஞர் வாண்ட் ஹாஃபுக்குக் கிடைத்ததற்கு, வினைகளின் போக்கை ஆளும் விதிகளை அவர் கண்டறிந்ததும் ஒரு காரணம். ஐரோப்பாவில் அறிஞர்கள் இதற்காகப் பரிசு பெற்ற அதே காலத்தில்தான், மலாயாவில் காப்பித் தோட்டங்கள் ரப்பர் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன.

அமேசானிலிருந்து சிரம்பானுக்கு

ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அங்கே பூங்கா இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் மெல்லிய சீவலாகப் பட்டையை வெட்டிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார்.

பாலை எப்படிக் கட்டியாக்குவது என்பது அடுத்த கேள்வி. அமேசான் காட்டில் துடுப்பு போன்ற கட்டையில் பாலை ஊற்றி, பனைவகைக் கொட்டைகளை எரித்த புகையில் காட்டி, படலம் படலமாக உறையவைத்தார்கள். அது காட்டுக்குப் பொருந்திய முறை. தினமும் வாளி வாளியாகப் பால் வரும் தோட்டத்துக்கு அது சரிப்படாது. இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஆய்வு செய்த ஜான் பார்க்கின் என்பவர் 1899 வாக்கில் ஒரு வழி காட்டினார். அளவோடு அசெட்டிக் அமிலம் சேர்த்தால் பால் சீராக உறைந்துவிடும். நாம் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். பிறகு அதன் இடத்தை ஃபார்மிக் அமிலம் பிடித்தது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலோடு தொடர்புடையது இது. அதன் பெயரே எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மங்கு முதல் ஸ்டோர் வரை

இப்போது தோட்டத்துக்குள் போவோம். விடியுமுன் பெரட்டு. அது முடிந்ததும் உளியும் காண்டா வாளியுமாக ஆண்களும் பெண்களும் நிரைக்குப் போவார்கள். ஏன் இருட்டோடு போக வேண்டும்? வெயில் ஏறுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம். பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வடிவது குறையும், வடிந்த பாலும் விரைவில் கெட்டிப்படும். ஆக, 400, 500 மரங்களைச் சூரியனை முந்திக்கொண்டு வெட்டி முடிக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து அத்தனை மரங்களையும் மறுபடி சுற்றிப் பாலை எடுக்க வேண்டும்.

பால் மங்கிலேயே உறைந்துவிடாமல் தடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மங்கைச் சுத்தமாக வைத்திருப்பது. பழைய கட்டியின் துணுக்கு மங்கில் ஒட்டியிருந்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் புதுப்பாலுக்கு உறை ஊற்றியது போல ஆகிவிடும். அம்மா மங்கைத் துடைக்கச் சொன்னதும், பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிள்ளைகளை உரிக்கச் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். மற்றொன்று, அம்மோனியா. சில சொட்டு விட்டால் போதும். அது நுண்ணுயிர்களை அடக்கும், உண்டாகும் அமிலத்தையும் முறிக்கும். ஆனால் அளவு மீறினால் ஸ்டோரில் அந்தப் பாலை உறையவைக்க அமிலம் அதிகம் தேவைப்படும்.

ஸ்டோரில் நிலைமை தலைகீழ். அதுவரை உறையக் கூடாது என்று காத்த பாலை இப்போது உறையவைக்க வேண்டும். பாலில் தண்ணீர் கலந்து ரப்பரின் அளவைக் குறைத்து, வடிகட்டி, தொட்டியில் நிரப்பி, நீர்த்த அமிலம் சேர்த்துக் கலக்கி, நுரையை வழித்தெடுப்பார்கள். அமிலம் கூடினால் பால் சட்டென்று உறைந்து, கட்டி ஒரு சீராக வராது. குறைந்தால் கட்டி கொழகொழவென்று இருக்கும். பிரியும் நீரிலும் ரப்பர் வீணாகப் போகும். அடர்த்தி, வெப்பநிலை, அமிலத்தின் அளவு என்று பாடநூல் வரிசைப்படுத்துகிற காரணிகள் அத்தனையும் அந்தத் தொட்டியில் இருந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற தொழிலாளி அதைப் பாடநூலில் படித்தவரல்லர். பாலின் நிறத்தையும் கட்டியின் பதத்தையும் பார்த்தே சொல்லிவிடுவார்.

புகைக்கூடத்தில் எரிந்த விறகு

மறுநாள் கட்டியை உருளைகளில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். ஆற்றல் மாற்றப் பாடம் இங்கே வருகிறது.

ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நம் ஊர் வெப்பநிலையிலுள்ள 8 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது. தகட்டில் தங்கிய நீரையெல்லாம் வெளியேற்ற எத்தனை விறகு எரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெப்பத்தைக் கூட்டி வேலையை விரைவாக முடிக்கவும் முடியாது. மேற்புறம் முதலில் காய்ந்து, உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். தகட்டின் தரம் இறங்கிவிடும். அதனால் 50, 60 பாகை அளவில் நான்கைந்து நாள் நிதானமாகக் காயவைத்தார்கள். புகையிலுள்ள பொருள்கள் பூஞ்சணம் பிடிக்காமலும் காத்தன. இரவிலும் எழுந்து அடுப்பைப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

கடல் கடந்த வினை

தோட்டத்து ரப்பர் தகடு அப்படியே டயர் ஆகாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இந்தக் குறையைத் தீர்த்தார். நீண்ட ரப்பர்ச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. ஆனால் கந்தகம் மட்டும் இருந்தால் மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும்.

வினை தொடங்க ஒரு தடையைத் தாண்ட வேண்டும்; அதைத் தாண்டத் தேவையான ஆற்றலுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் புக்கிட் புத்துஸ் மலையின் பழைய பாதையில் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். வளைந்து வளைந்து ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். பின்னாளில் பாலங்களோடு வந்த புதிய சாலை அந்தச் சிரமத்தைக் குறைத்தது. ரப்பருக்கு அப்படியொரு புதிய சாலையை 1906-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஜார்ஜ் ஓயன்ஸ்லேகர் கண்டார். அனிலின் போன்ற பொருள்களைச் சிறிதளவு சேர்த்தால் வினை பல மடங்கு விரைவாக முடிந்தது. இவற்றுக்கு முடுக்கிகள் என்று பெயர்.

இரண்டே ஆண்டுகளில், 1908-இல், ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் வந்தது. டயருக்குத் தேவை பெருகியது. 1910-இல் இலண்டனில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் பெருகின. மலாயா அரசு 1907-இல் தமிழர் குடியேற்ற நிதிக்குச் சட்டம் இயற்றியிருந்தது. அதன் துணையோடு கங்காணிகள் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள்களைத் திரட்டி வந்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் உலக மந்தம் வந்து விலை ஓரிரு பென்ஸ் அளவுக்குச் சரிந்தபோது, பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

யார் கணக்கில் எழுதுவது?

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வினையின் வேகம் இயற்கையின் விதி. ஆனால் அந்த வேகத்தால் வந்த இழப்பு பெரும்பாலும் தொழிலாளியின் தலையில் விழுந்தது. பாலில் எவ்வளவு ரப்பர் என்று அளந்துதான் கூலி. மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலுக்கும் ஒட்டுப்பாலுக்கும் விலை குறைவு. மழை பெய்து பால் அடித்துக்கொண்டு போனால் அன்றைய உழைப்பும் அதோடு போனது. அமிலம் பட்ட கைகளும் அம்மோனியா நெடியில் எரிந்த கண்களும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோன கூலிக் கோரிக்கைகளுக்குப் பின்னால் இந்த அன்றாடக் கணக்கும் இருந்தது.

அறிவியல் அதன்பிறகும் வளர்ந்தது. 1925-இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பல புதுமைகளைத் தந்தது. 1965-இல் தரநிர்ணய ரப்பர் முறை வந்தது. ரப்பரைத் துருவலாக்கிச் சூடான காற்றில் உலர்த்தியதால், புகைக்கூடத்தில் நாள்கணக்கில் ஆன வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. பிறகு பட்டையில் தடவும் எத்தஃபோன் என்ற மருந்து வந்தது. வெட்டுவாயில் பால் உறைந்து அடைபடுவதை அது தாமதப்படுத்தியது. பால் நெடுநேரம் வடிந்தது. ஆனால் பிந்தி வடிந்த பாலை எடுக்க யாராவது மறுபடி நிரைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

இன்றைய நிலை என்ன? மலேசிய ரப்பரில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி, மங்கிலேயே உறையவிடும் கட்டிப்பால். ஒரு காலத்தில் கூலியைக் குறைத்த கட்டி, இன்று முதன்மைச் சரக்கு! கையுறை ஆலைகளுக்குத் தேவையான ரப்பர் பாலோ அண்டை நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது.

நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் 2013-இல் நடப்புக்கு வந்தபோது, நெகிரி செம்பிலானின் பழைய ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறியிருந்தன. பால் மரத்தோடு வாழ்ந்தவர்களில் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் முதுமையைக் கழிக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளின் வேதியியல் நூலில், ரப்பர் பால் ஏன் உறைகிறது, அம்மோனியா அதை எப்படித் தடுக்கிறது என்ற பகுதி இப்போதும் இருக்கிறது.

அந்தப் பக்கம் வரும்போது பிள்ளைகள் புத்தகத்தோடு தாத்தாவிடமோ பாட்டியிடமோ போய் உட்காரட்டும். எத்தனை சொட்டு அம்மோனியா, எந்த நேரத்தில் பால் எடுப்பது, மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்கட்டும். தேர்வுக்கு வேண்டிய விடையும் கிடைக்கும், குடும்பத்தின் வரலாறும் கிடைக்கும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.